ஒன்பது பாகம் தண்ணீர்: ஆழ்கடல் கன்டெய்னர் துறைமுகம் எப்படி அமைகிறது

பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர்கள் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். ஏறக்குறைய ஆறடி, அதாவது 1.8 மீட்டர். நாட்டுப்படகு ஓட அரைப் பாகம் தண்ணீர் போதும். விசைப்படகுக்கு ஒன்று, ஒன்றரை. இன்று ஓடும் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் முழுச் சுமையோடு வந்தால் அதன் அடிப்பாகம் நீர்மட்டத்துக்குக் கீழே 16 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். ஒன்பது பாகம். நம் பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஐந்து, ஆறு பாகத்திலேயே தரை தட்டிவிடும்.

‘ஆழ்கடல் துறைமுகம்’ என்று செய்தி வரும்போது, கரையோரத்தில் பெரிய பள்ளம் தோண்டுவதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளம் தோண்டுவது சுலபமான பங்கு. வெளிக்கடலிலிருந்து அந்தப் பள்ளம் வரை கப்பல் வரும் வழி முழுக்க ஆழம் வேண்டும். தோண்டிய ஆழம் அடுத்த ஆண்டும் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். கப்பல் ஒட்டும் தளத்துக்குப் பின்னால் பெட்டிகளின் எடையைத் தாங்கும் நிலம் பரந்து கிடக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. உலகில் பல கன்டெய்னர் துறைமுகங்கள் பழைய ஆலை மண்ணின் மேல் நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

பெட்டியும் கப்பலும்

20 அடி கன்டெய்னரின் வெளி நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர். சாதாரண 40 அடிப் பெட்டிக்கு அகலமும் உயரமும் அதே, நீளம் மட்டும் 12.19 மீட்டர். எட்டு மூலையிலும் துளையுள்ள எஃகுத் துண்டு இருக்கும். கிரேனின் பூட்டு அதற்குள் நுழைந்து கால் திருப்பு திரும்பிப் பிடித்துக்கொள்ளும். லாரியிலும் கப்பலிலும் ரயிலிலும் இதே பூட்டுதான். பெட்டியின் எடை முழுவதும் நான்கு மூலைத் தூண்கள் வழியாக இறங்குகிறது. மேலே அடுக்கும் எடையைச் சுவர்த் தகடு சுமப்பதில்லை.

1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஏற்றிச் சென்றது. அதற்கு முன் சரக்கு என்றால் மூட்டையும் பீப்பாயும்தான். பழைய தூத்துக்குடியில் நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள்தான் ஓடி ஓடிச் சரக்கு ஏற்றும். அப்போது ஆழம் குறைவு என்பது ஒரு தொல்லையாக இருந்ததே தவிர, துறைமுகத்தை மூட வைக்கவில்லை. பெட்டி வந்த பிறகு தோணி வழி அடைபட்டது. 30 டன் பெட்டியை ஆடும் தோணியில் இறக்க முடியாது, கப்பல் நேராகத் தளத்தில் ஒட்ட வேண்டும்.

ஒரு பெட்டிக்கான எரிபொருள் செலவு கப்பல் பெரிதாகப் பெரிதாகக் குறையும். அதனால் கப்பல் வளர்ந்தது. பனாமா கால்வாயின் பழைய நீர்மடைகளுக்குள் நுழையும் கப்பலின் மிதவை ஆழம், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் அளவு, சுமார் 12 மீட்டர். 2016-ல் திறந்த புதிய நீர்மடைகளில் அது 15.2 மீட்டர். இன்று 20 அடிக் கணக்கில் 24,000 பெட்டி ஏற்றும் கப்பல்கள் 400 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம், 16 முதல் 17 மீட்டர் மிதவை ஆழம் கொண்டவை. இதில் ஒன்றைக் கவனிக்கலாம். பெட்டிக் கணக்கு ஏறிய வேகத்தில் ஆழம் ஏறவில்லை. துறைமுகங்களால் தோண்டித் தீர்க்க முடியாது என்று தெரிந்ததால் கப்பல் கட்டுபவர்கள் அகலத்தில் வளர்த்தார்கள். சுமை அதனால் கிரேன் பக்கம் மாறியது. 24 வரிசைப் பெட்டிகளைத் தாண்டிக் கை நீட்ட, தளத்திலிருந்து 70 மீட்டர் வரை கடல் பக்கம் நீளும் கிரேன் வேண்டும். அது ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு டன் எடை போல வரும்.

18.5 மீட்டர் எங்கிருந்து வருகிறது

கப்பலின் மிதவை ஆழம் 16 மீட்டர் என்றால் கால்வாய்க்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? 16 போதாது. கூட்டிப் பார்ப்போம்.

கப்பல் ஓடும்போது அதன் அடியில் நீர் வேகமாக நழுவுகிறது, அழுத்தம் குறைகிறது, கப்பல் சற்றுக் கீழே அமுங்குகிறது. மாலுமிகள் இதை ‘ஸ்குவாட்’ என்பார்கள். ஒடுங்கிய கால்வாயில் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வேகத்தை நாட் அளவில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, கப்பலின் வடிவக் குணகத்தால் (நீருக்குள் இருக்கும் உடல் ஒரு செவ்வகப் பெட்டியை எவ்வளவு நிரப்புகிறது என்ற எண்) பெருக்கி, 50-ஆல் வகுத்தால் மீட்டரில் விடை வரும். கன்டெய்னர் கப்பலின் குணகம் 0.65 அளவில் இருக்கும். 8 நாட் வேகத்தில் 0.83 மீட்டர். அதையே 12 நாட் ஆக்கினால் 1.87 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் அமுக்கம் இரண்டேகால் மடங்கு. கால்வாயில் கப்பல் தரை தட்டும் சம்பவங்கள் சிலவற்றில் தோண்டல் சரியாகவே இருக்கும், வேகம்தான் கூடியிருக்கும்.

அடுத்தது சாய்வு. 61 மீட்டர் அகலக் கப்பல் காற்றிலோ திருப்பத்திலோ ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் ஒரு பக்க விளிம்பு அரை மீட்டர் கீழே போகும். அலையில் ஏறி இறங்குவதற்கு, அலைத்தடுப்புக்கு உள்ளே வந்துவிட்ட இடத்தில் 0.7 மீட்டர் வைப்போம். வெளியே திறந்த கடலில் இது இன்னும் கூடும். அளவீட்டுப் பிழை, அடியில் புதிதாகப் படிந்த சேறு, இவற்றுக்கு அரை மீட்டர். மொத்தம் 18.5 மீட்டர். பத்துப் பாகத்துக்கும் மேல்.

இந்த 18.5 மீட்டரும் கடல் வரைபடத்தின் அடிமட்டக் கணக்கிலிருந்து அளக்கப்படுவது. அதாவது வற்றம் மிக அதிகமாக இருக்கும் நேரத்து நீர்மட்டத்திலிருந்து. ஏற்றம் வந்தால் அதற்கு மேல் கிடைப்பது லாபம். இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரத்தில் பெருநீர் நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. அங்கே கால்வாயைக் குறைத்துத் தோண்டிவிட்டு, பெரிய கப்பலை ஏற்ற நேரம் பார்த்து உள்ளே கொண்டுவரலாம். ஆனால் தளத்தை ஒட்டிய பள்ளத்தில் அந்தச் சிக்கனம் செல்லாது. கப்பல் அங்கே ஒரு நாளுக்கு மேல் நிற்கும், இரண்டு வற்றத்தையும் பார்க்கும். நம் கரையில் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். நீரேற்றத்தை நம்பிச் சேமிக்க இங்கே இடமே இல்லை.

கால்வாயோடு முடிவதில்லை. 400 மீட்டர் கப்பலை இழுவைப் படகுகள் வைத்துத் திருப்ப 700 மீட்டர் விட்டத்துக்குக் குறையாத வட்டம் வேண்டும், அதுவும் அதே ஆழத்தில். தளத்தின் நீளம் கப்பல் ஒன்றுக்கு 430, 450 மீட்டர் என்று வைப்பார்கள். முன்னும் பின்னும் கயிறு கட்ட இடம் வேண்டுமே.

நம் கடல் என்ன சொல்கிறது

ராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, உள்ளூரில் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். பெண் கடல் அமைதியானது, அதனால் துறைமுகத்துக்கு ஏற்றது என்று சிலர் வாதாடுவார்கள். அமைதிக்கும் ஆழக்குறைவுக்கும் காரணம் ஒன்றேதான். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நீரோட்டம் தள்ளிக்கொண்டு வரும் மணலும் சேறும் படிந்து தங்கும் தொட்டி அது.

10 மீட்டர் ஆழமுள்ள அடிமண்ணை 18.5 மீட்டருக்கு இறக்கினால் வெட்டு 8.5 மீட்டர். கால்வாய் அகலம் 300 மீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 25.5 லட்சம் கன மீட்டர் மண். சேற்றில் செங்குத்தாக வெட்ட முடியாது, கரை சரியும். ஒன்றுக்கு ஐந்து என்ற சரிவு வைத்தால் இரு பக்கமும் சேர்த்து இன்னும் 3.6 லட்சம். ஆக 29 லட்சம். 50 கிலோமீட்டருக்கு இது 14.5 கோடி கன மீட்டராகிறது. தேம்ஸில் ஒரு புது ஆழ்கடல் துறைமுகத்துக்காகச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆழப்படுத்தியபோது அள்ளியது ஏறக்குறைய 3 கோடி கன மீட்டர்தான். இத்தனையும் முதல் முறைத் தோண்டல். படியும் சேற்றை ஆண்டுதோறும் அள்ளும் செலவு தனி, அது ஒருநாளும் முடியாது.

சேறும் மணலும் என்றால் உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பி, தூரக் கடலில் கொட்டிவிட்டு வரும் டிரெட்ஜர் போதும். அடியில் பார், அதாவது பாறைத் திட்டு, இருந்தால் அது உதவாது. சுழலும் வெட்டுத் தலை கொண்ட டிரெட்ஜர் வேண்டும். அது தன் பின்புறத்து இரும்புக் காலைக் கடலடியில் ஊன்றிக்கொண்டு, அதை அச்சாக வைத்து இப்படியும் அப்படியும் ஆடி வெட்டும். அலை சற்று உயர்ந்தால் அந்தக் கால் முறியும். ஆகவே திறந்த கடலில் அதற்கு வேலை நாட்கள் குறைவு, வாடகையோ காத்திருக்கும் நாளுக்கும் உண்டு.

சேது சமுத்திரத் திட்டத்தைப் பற்றி இங்கே ஒரு தெளிவு தேவை. 1860-ல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி முன்வைத்த யோசனை, 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடக்க விழா கண்டது. 167 கிலோமீட்டர் வழி, 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். 2007-ல் மணல் தீடைகள் இருக்கும் பகுதியில் உச்ச நீதிமன்றத் தடை வந்தது, பிறகு தோண்டலும் நின்றது. நம்பிக்கை சார்ந்த வழக்கை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும், 12 மீட்டர் கால்வாயில் போகக்கூடியது 10 மீட்டர் மிதவை ஆழக் கப்பல். பழைய பனாமா அளவுக் கன்டெய்னர் கப்பல்கூட முழுச் சுமையோடு அதில் நுழைய முடியாது. அது வந்திருந்தால் ராமேசுவரம் சிங்கப்பூராகியிருக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

அப்படியானால் இந்தக் கரையில் முன்பு எப்படி இத்தனை துறைமுகங்கள் இருந்தன? வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் ரோமானிய நாணயமும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான். கீழக்கரையில் முத்தும் சங்கும். தொண்டி, தேவிபட்டினம். எல்லாம் ஒரு பாகம், இரண்டு பாகம் தண்ணீரில் மிதக்கும் மரக்கலங்களின் காலம். தீவுகளும் பார்களும் அலையை உடைத்துத் தரும் இடம்தான் அவற்றுக்குச் சிறந்த துறைமுகம். பாம்பன் கால்வாயில் பாறையை வெடி வைத்துத் தகர்த்து ஆழப்படுத்தியது 19-ம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆட்சி, அதுவும் சிறு நீராவிக் கப்பலுக்காக. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்ததும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலையும் கப்பலையும் இணைத்த சேவை ஓடியது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் அதை முடித்தது. புயல் வராமல் இருந்திருந்தாலும் கன்டெய்னர் காலத்தில் தனுஷ்கோடி ஒரு பயணிகள் துறையாகத்தான் நீடித்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

மன்னார் வளைகுடா பக்கம் தீவுகளைத் தாண்டினால் ஆழம் கிடைக்கும். ஆனால் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை வரிசையாக நிற்கும் தீவுகளும் பவளப் பார்களும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. டிரெட்ஜர் கிளப்பும் சேறு நீரில் மிதந்து கடல்புல் மீதும் பவளத்தின் மீதும் படிந்தால் வெளிச்சம் மறைந்து அவை சாகும். புல் போனால் அதில் வளரும் இறால் குஞ்சும் நண்டும் போகும். கடல்பசு பிறகு இங்கே வராது. பாக் விரிகுடாவில் 2022-ல் கடல்பசுக் காப்பகம் அறிவித்ததும் இந்தப் புல்வெளியை வைத்துத்தான்.

கேரளத்தின் விழிஞ்ஞம் ஆழ்கடல் துறைமுகம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்பவர்களுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே கரையை ஒட்டியே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம், மணல் நகர்வும் குறைவு. தோண்டல் செலவு மிச்சமானது, ஆனால் அரபிக்கடல் அலையை அடக்க மூன்று கிலோமீட்டர் நீள அலைத்தடுப்பு கட்ட வேண்டியிருந்தது. உள்ளே சிறு கல், மேலே பெருங்கல், அதற்கும் மேல் கான்கிரீட் கட்டி என்று அடுக்க வேண்டும். மேல் அடுக்கு ஏறும் முன் புயல் வந்தால் உள்ளே போட்ட கல் சிதறும். 2017 ஒக்கி புயலில் அதுதான் நடந்தது. கல் தட்டுப்பாடும் வேலையை இழுத்தது. துறைமுகம் முறைப்படித் திறந்தது 2025 மே மாதம்.

ஆலை நின்ற மண்ணில் துறைமுகம்

தேம்ஸ் கரையில் 2013 நவம்பரில் திறந்த லண்டன் கேட்வே துறைமுகம் நிற்கும் இடம், 1999 வரை ஷெல் நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஏன் அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஆலை இருந்த இடத்தில் ரயில் பாதை, சாலை, மின்சாரம், கப்பல் வழி ஏற்கெனவே உண்டு. நிலம் ஒரே உரிமையாளரிடம் பெரிய துண்டாகக் கிடக்கும். குடியிருப்பை அகற்ற வேண்டியதில்லை. ஆற்றில் அள்ளிய மணலைக் கொண்டே தளத்துக்குப் பின்னால் புது நிலம் உருவாக்கினார்கள்.

இதன் மறுபக்கம் மண்ணுக்குள் இருக்கிறது. பழைய தொட்டிகளின் அடியில் கசிந்த எண்ணெய், பயனற்ற குழாய்கள், வரைபடத்தில் இல்லாத அஸ்திவாரங்கள். முறை இது: முதலில் கட்டம் போட்டு, துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண் மாதிரியும் நிலத்தடி நீர் மாதிரியும் எடுப்பார்கள். எண்ணெய் கலந்த மண்ணை மேட்டாகக் குவித்து, காற்றும் உரச்சத்தும் செலுத்தினால் நுண்ணுயிரிகள் மாதக்கணக்கில் அதைத் தின்று தீர்க்கும். ஈயம், குரோமியம் போன்ற உலோகத்தை எதுவும் தின்னாது. அந்த மண்ணைச் சிமென்ட் கலந்து இறுக்க வேண்டும், அல்லது அள்ளிக்கொண்டு போய் மூடிய குழியில் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பைல் எனும் அடித்தூணை இறக்கினால், அந்தப் பைலின் ஓரமாகவே அழுக்கு கீழ் நீரூற்றுக்குள் வடியும்.

பிறகு எடைக் கணக்கு. நிறைந்த 20 அடிப் பெட்டி 30 டன் வரை இருக்கலாம். ஐந்து அடுக்கினால் 150 டன், நான்கு மூலையில் மூலைக்கு 37.5 டன். நான்கு அடுக்குகளின் மூலைகள் அருகருகே சேரும் இடத்தில் 150 டன்னும் ஒரு பாய் அகலத்துக்குள் விழுகிறது. களிமண் தரை இதில் சமமாக அமுங்காது. ஒரு பக்கம் தாழ்ந்தால் அடுக்கு சாயும், தானியங்கி கிரேன் தண்டவாளம் விலகி வேலை நிற்கும். அதனால் நெருக்கமாகத் துளையிட்டு நீர் வடியும் பட்டைகளை இறக்கி, மேலே மணல் மேடு ஏற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து களியிலுள்ள நீரைப் பிழிந்தெடுப்பார்கள். அவசரப்பட்டு மேட்டை முன்பே எடுத்த தளங்கள் சில ஆண்டுகளில் பள்ளமும் மேடுமாகிவிடும்.

இன்னொரு வழக்கமான தவறு: பழைய தளத்தையே ஆழப்படுத்தினால் போதும் என்று நினைப்பது. 9 மீட்டர் ஆழத்துக்குக் கட்டிய தளச் சுவர் நிற்பதே அதன் கால் புதைந்திருக்கும் மண்ணின் பிடிப்பால். அந்த மண்ணைத் தோண்டினால் சுவர் கடல் பக்கம் நழுவும். முன்னால் புதுப் பைல் வரிசை அடித்துப் புதுத் தளம் கட்டித்தான் ஆழத்தைத் தொட முடியும்.

நம் மாவட்டத்தில் இதோடு பொருத்திப் பார்க்க வாலிநோக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கப்பல் உடைத்தார்கள். அரசின் உப்பு நிறுவனத்தின் உப்பளமும் அங்கேதான். கப்பல் உடைத்த கரை மண்ணில் தேட வேண்டியவை எஞ்சின் எண்ணெய், பெயின்டின் ஈயமும் தகரச் சேர்மமும், குழாய் சுற்றிய கல்நார். உப்பள நிலத்தின் சங்கடம் வேறு. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமென்ட், கம்பியின் மேல் 75 மில்லிமீட்டர் அளவுக்குக் கனமான மூடல், நல்ல தண்ணீரில் கலவை. இவற்றில் சிக்கனம் பார்த்தால் பத்து ஆண்டில் தெரிந்துவிடும். படகு அடையும் சிறு துறைக்கும் இதே விதிதான்.

முண்டு மிளகாய் போகும் வழி

ஆழ்கடல் துறைமுகம் இல்லாத மாவட்டத்திலிருந்தும் பெட்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் காய்ந்த வற்றல், கன்டெய்னரில் ஏறும்போது ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பகலில் பெட்டி சூடாகும்போது வற்றலின் ஈரம் ஆவியாகும், இரவில் கூரைத் தகட்டில் குளிர்ந்து சொட்டும். மேல் மூட்டைகள் பூஞ்சை பிடிக்கும், நச்சுச் சோதனையில் சரக்கு முழுவதும் திரும்பும். அதற்காகத்தான் சுவரில் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறார்கள், மேலே அட்டை விரிக்கிறார்கள்.

பூட்டி முத்திரையிட்ட பெட்டி தூத்துக்குடிக்குப் போகிறது. 2016 ஜூலை முதல் உலக விதிப்படி, பெட்டியின் உறுதி செய்த எடையைத் தராமல் எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் திறந்த புது முனையத்தில் ஒட்டும் கப்பலின் மிதவை ஆழம் 14.2 மீட்டர் வரைதான். 16 மீட்டர் கப்பல் முழுச் சுமையோடு அங்கே ஒட்ட முடியாது. எனவே பல பெட்டிகள் ஃபீடர் எனும் சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்புக்குப் போகின்றன. அங்கே தெற்குத் துறைமுகத்தில் 18 மீட்டர் ஆழம், தூர நாடுகளுக்குப் போகும் பெரிய தாய்க்கப்பல் அங்கே வரும். ஃபீடர் தாமதமானால் தாய்க்கப்பல் காத்திருக்காது, பெட்டி அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் கொழும்பு யார்டில் கிடக்கும். வற்றல் அதைத் தாங்கும். மண்டபத்திலிருந்து போகும் உறைந்த மீனும் நண்டும் என்றால், பெட்டி அங்கே கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மின்பிளக்கில் சொருகி மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், அந்த மின்கட்டணமும் யார்டு வாடகையும் ஏற்றுமதியாளரின் கணக்கில்தான் ஏறும். முன்பதிவு செய்யும்போது ஃபீடர் கொழும்பில் சேரும் நாளுக்கும் தாய்க்கப்பல் கிளம்பும் நாளுக்கும் நடுவே மூன்று நாளாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது அதனால்தான்.